தானாகத் திறக்க வேண்டிய திரை

நாற்பத்தேழாவது வரியில் பிழை என்று சர்வர் ஐந்தாவது முறையாகச் சொன்னது. ஜினெட் அந்த வரியை ஐந்தாவது முறையாகப் படித்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கு மேல் வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. ஓர் அரைப்புள்ளிக்காக இருபது நிமிடம். அதைப் போட்டு சர்வரை மறுபடி எழுப்பினாள். இந்த முறை முரண்டு பிடிக்காமல் எழுந்தது. ஆசையோடு தலையைத் தூக்கிச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்தாள். பெயருக்கு ஒரு கட்டம், பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம். காலையில் வந்தபோது பார்த்த அதே லாகின் பக்கம்.

"இன்னும் உள்ள விடமாட்டேங்குதா?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஆர்வோ ஹக்காலா முழங்கை வரை ரப்பர் கையுறையோடு நின்றிருந்தார். வடிகட்டித் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் பாதியில் வந்திருக்கிறார்.

"விடும். நீங்க போய் வேலையைப் பாருங்க."

"பாத்துட்டுத்தாம்மா இருக்கேன். ரொட்டி வச்சிருக்கேன், எடுத்துக்கோ. என் வீட்டுக்காரி ஐலி சுட்டது. கோவத்துல சாப்பிட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."

மேசையில் காகிதத்தில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி இருந்தது. ஜினெட் அதைத் தொடவில்லை. தொடக்கூடிய மனநிலையில் அவள் இல்லை.

அந்த ஊரின் கணினிகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். ஊர் அலுவலகம், நூலகம், பனிச்சறுக்கு அரங்கு, ஏரிக்கரையில் இருக்கிற இந்தத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம், எல்லாம் அவள் தலையில். இங்கே வேலை செய்கிறவர்கள் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் இல்லை. கையுறையோடு தொட்டிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே கண்ணாடிச் சுவர் வழியாக நாற்பது அடி தள்ளி இருக்கும் திரையை ஒரு பார்வை பார்ப்பார்கள். மேட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், அடிவாரத்துப் பம்ப் ஓடுகிறதா, குளோரின் சரியாக இருக்கிறதா, எல்லாம் அதில் தெரியும். எண்களை அங்கிருந்து படிக்க முடியாது. பச்சையா சிவப்பா, அதுதான் கணக்கு. சிவப்பானால் திரை கத்தவும் செய்யும். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பதை அது மறந்துவிடும். லாகின் பக்கத்தைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். லாகின் பக்கம் பச்சையும் ஆகாது, சிவப்பும் ஆகாது, கத்தவும் கத்தாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நண்பகலில் அப்படி நின்றபோதுதான் அடிவாரத்துப் பம்ப் நின்றுபோனது. ஆர்வோ தனியாகப் பணியில் இருந்தார். திரையிலேயே ஒரு பொத்தானை அழுத்திப் பம்பை மறுபடி ஓட விட்டிருக்கலாம். அவரோ கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பனி கொட்டுகிற சாலையில் மேட்டுத் தொட்டிக்குப் போனார். மேட்டுத் தெரு வீடுகளுக்கும் அங்கிருக்கும் முதியோர் இல்லத்துக்கும் இரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லை. ஏன் அறையை விட்டுப் போனீர்கள் என்று கேட்டதற்கு, "போய்ப் பாக்கணும்னு தோணுச்சு, போனேன்" என்று ஒரே பதில்தான் சொன்னார். காரணமில்லாமல் பணியிடத்தை விட்டுப் போனார் என்று மேலாளர் பிளேர் கடிதம் எழுதிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஊர் கவுன்சிலில் அது வருகிறது. ஆர்வோவின் ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்தான்.

ஜினெட்டைக் குடைந்துகொண்டிருந்தது அது மட்டுமில்லை. அக்டோபரிலேயே ஆர்வோ அவளுக்கு ஒரு கோரிக்கை அனுப்பியிருந்தார். 'சுவர்த் திரை யாரும் கேட்காமல் தானாகத் திறக்க வேண்டும். கையுறையோடு டைப் பண்ண முடியவில்லை.' இரண்டே வரி. பாதுகாப்பு விதிகள் இடம் தராது என்று ஒரு வரியில் பதில் போட்டு அவள் அதை மூடிவிட்டாள். இடம் தராமல் என்ன, பார்க்க மட்டும் உரிமையுள்ள ஒரு விருந்தாளிக் கணக்கைத் தொடங்கி, முன்வாசலில் நிற்கிற சர்வரிடம், இந்த இணைய முகவரியிலிருந்து வருகிறவரை விருந்தாளி என்று சொல்லி உள்ளே அனுப்பு என்று எழுதிவைத்தால் போதும். அரை நாள் வேலை. அன்றைக்கு அரங்கில் ஹாக்கி ஆட்டத்தின் கோல் எண்ணிக்கை காட்டும் பலகை பழுது. ஊரே கத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் நிலையத்தில் யாரும் கத்தவில்லை.

இப்போது அந்த அரை நாள் வேலை ஒன்றரை நாளாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

பதினோரு மணிக்கு பிளேர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா.

"எப்படிப் போகுது ஜினெட்?"

"போகல."

"செவ்வாய்க்குள்ள முடிஞ்சாப் போதும். இனிமே இப்படி நடக்காதுன்னு கவுன்சில்ல சொல்லணும். அப்புறம் ஒண்ணு, அன்னிக்கு சிஸ்டம் சரியாத்தான் இருந்துச்சுன்னு உங்க பக்கத்துலேர்ந்து ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

"லாகின் பக்கத்துலதானே நின்னுட்டிருந்துச்சு?"

"அது கோளாறு இல்லையே. லாகின் பண்ண வேண்டியதுதான, அது அவர் வேலை. ஒரு வரி போதும். இன்னிக்கே குடுத்துட்டா கோப்புல சேத்துடுவேன்." சொல்லிவிட்டு எதிரில் இருந்த தன் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. சிஸ்டம் அவள் எழுதியபடிதான் நடந்தது.

கோபத்தை வேலையில் காட்டினாள். சுவர்த் திரைக்குப் பின்னால் இருந்த குட்டிக் கணினி பழைய நினைவிலேயே லாகின் பக்கத்தைக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தது. பழையதையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி திறந்தாள். திரை ஒரு கணம் வெள்ளையாகி, பிறகு பச்சைக் கட்டங்களாக விரிந்தது. தொட்டி, பம்ப், குளோரின். மேல் மூலையில் விருந்தாளி என்று பெயர். யாரும் எதையும் தட்டவில்லை. தானாகத் திறந்துவிட்டது.

அவள் நாற்காலியில் சாய்ந்து அப்போதுதான் ரொட்டியைப் பிய்த்தாள். பாதி தின்பதற்குள் திரை கத்தியது. ஏதோ சின்ன விஷயம், ஒரு தொட்டியில் கலங்கல் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆர்வோ கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து தன் மேசைக் கணினியில் உட்கார்ந்தார். இப்படி ஒலி வந்தால் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அவர் பெயரோடு அது பதிவாகும். அவர் கம்பளித் தொப்பியின் மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து எதிரே வைத்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டைத் தொப்பியில எழுதி வச்சிருக்கீங்களா?" ஜினெட்டுக்குச் சுருக்கென்று வந்தது. "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் ஆர்வோ."

"தொப்பி என் தலையிலதான இருக்கு. எவன் வந்து எடுக்கப்போறான்?" என்றவர் திரையை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, இது என்கிட்ட பேரே கேக்கலியே. பொத்தானையும் காணோம். மேல விருந்தாளின்னு போட்டிருக்கு."

ஜினெட் எழுந்து வந்து பார்த்தாள். அவர் கணினியிலும் விருந்தாளி.

"முப்பத்தொரு வருஷம் ஆச்சு இங்க வந்து," என்றார் ஆர்வோ. "இன்னிக்கு விருந்தாளி ஆக்கிட்ட. காப்பி நீ போட்டுக் குடுக்கணும் இனிமே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரை கத்திக்கொண்டே இருந்தது. பிளேர் கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். எங்கே தவறு என்று யோசித்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்தக் கட்டடத்திலிருந்து ஊர் அலுவலகத்துச் சர்வருக்குப் போவது ஒரே பாதை. எந்தக் கணினியிலிருந்து போனாலும் அங்கே போய்ச் சேரும்போது ஒரே முகவரிதான் தெரியும். சுவர்த் திரையை உள்ளே விடச் சொல்லி, கட்டடத்தையே விருந்தாளியாக்கிவிட்டாள். பத்தொன்பது வருடம் இதே வேலை. இந்தப் பாதையைப் போட்டதே அவள்தான்.

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க," என்றாள்.

"கத்துறதை நிறுத்தினாப் போதும். மீன் எல்லாம் பயந்துடும்."

கட்டடத்துக்கே எழுதிய வரியை எடுத்தாள். பழையபடி ஆர்வோவிடம் பெயர் கேட்டது, அவர் தாளைப் பார்த்துத் தட்டினார், பொத்தானை அழுத்தினார், சத்தம் நின்றது. பிறகு சுவர்த் திரைக்கு மட்டும் தனியாக ஒரு வாசல் வைத்தாள். அந்த வாசல் வழியாக வருகிறவர் மட்டும் விருந்தாளி, மற்றவர்கள் முன்வாசலில் பெயர் சொல்லித்தான் வர வேண்டும். ஆர்வோ இப்போது ஆர்வோவாகத்தான் உள்ளே போகிறாரா என்று உறுதி செய்துகொள்ள, சர்வரின் பதிவேட்டில் ஹக்காலா என்று தேடினாள்.

இன்றைய வரி வந்தது. அதோடு பழைய வரிகளும் வந்தன. கையை எடுக்கப் போனவள் தேதியைப் பார்த்து நின்றாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வியாழன். பதினொன்று ஐம்பத்தெட்டு, ஹக்காலா, மறுப்பு. பதினொன்று ஐம்பத்தொன்பது, ஹக்காலா, மறுப்பு. பன்னிரண்டு ஒன்று, ஹக்காலா, மறுப்பு. அதற்குக் கீழே, கணக்கு முப்பது நிமிடத்துக்குப் பூட்டப்பட்டது.

"ஆர்வோ," என்றாள். "அன்னிக்கு நீங்க லாகின் பண்ணப் பாத்தீங்களா?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை போட்டிருக்கீங்க. அப்புறம் பூட்டிக்கிச்சு. அதனாலதான் வண்டியை எடுத்துட்டுப் போனீங்க. இதை ஏன் சொல்லல?"

"விடு."

"என்னத்தை விடுறது? திரை தெரியல, அதான் கண்ணால பாக்கப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கடிதமே வந்திருக்காது."

ஆர்வோ கண்ணாடி அறைப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "என்னன்னு சொல்ல? பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னா? வருஷக்கணக்கா இதே வேலையில இருக்கேன். காலையில எழுந்ததும் பல்லு விளக்குற மாதிரி தட்டுற பாஸ்வேர்ட். மூணு தடவை போட்டேன். தப்பு தப்புன்னு சொல்லுது. விரலுக்குத் தெரியுது, அதுதான் சரின்னு. ஆனா அது தப்புங்குது." ஒரு கையுறையை இழுத்து விட்டார். "ஐனோவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுச் சாவியைக் கையில வச்சுக்கிட்டே கதவு எது சாவி எதுன்னு நிப்பான். இப்ப தண்டர் பே ஊருல இருக்கிற இல்லத்துல போய்ப் பாத்தா என்னைப் பக்கத்து வீட்டுக்காரன்னு நினைச்சுக்கிறான். என் அண்ணன்மா. ஐலிகிட்டகூட நான் இதைச் சொல்லல. மறுநாள் மறந்தவங்களுக்குன்னு இருக்கிற பொத்தானை அழுத்திப் புதுசா ஒண்ணு போட்டேன். அதுவும் மறந்துடுமோன்னுதான் தொப்பியில வச்சிருக்கேன். போதுமா?"

ஜினெட் திரைக்குத் திரும்பினாள். மறுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. அவசரத்தில் அதைப் பார்க்கவில்லை. இப்போது விரலை வைத்துப் படித்தாள். மூன்று வரியிலும் ஒரே காரணம்தான். காலாவதி.

தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை எல்லோருடைய பாஸ்வேர்டும் காலாவதி ஆகும் என்று சில மாதத்துக்கு முன்னால் புதிதாக விதி வைத்தவள் அவள். காலாவதியோ, தப்போ, எதுவாக இருந்தாலும் 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று ஒரே வாசகம்தான் காட்ட வேண்டும் என்று வைத்தவளும் அவள். திருட வருகிறவனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நீங்க போட்டது சரி," என்றாள்.

"என்ன?"

"மூணு தடவையும் சரியாத்தான் போட்டிருக்கீங்க. நீங்க மறக்கல. அன்னிக்குக் காலையில அதோட கெடு முடிஞ்சுபோச்சு. கெடு முடிஞ்சுதுன்னு சொல்லாம தப்புன்னு சொல்லியிருக்கு. அப்படிச் சொல்லச் சொல்லி எழுதி வச்சது நான்தான். இங்க வந்து பாருங்க."

அவர் வந்து அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. குளோரின் வாசனையும் ஏலக்காய் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"காலாவதின்னா பாலுக்குப் போடுற மாதிரியா?" என்றார் கடைசியில்.

"அதே மாதிரிதான்."

"பால்காரன்கூட டப்பா மேல தேதி போடுறானேம்மா." அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறைக் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. மூன்று வாரமாக இந்த மனிதர் எப்படித் தூங்கியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் பரவாயில்லை என்பார். அதைக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

எழுந்து போய்ச் சுவர்த் திரையின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பத்து எண்ணிவிட்டு மறுபடி மாட்டினாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு, நீலம், வெள்ளை, பிறகு பச்சை. மேல் மூலையில் விருந்தாளி. ஆர்வோவின் மேசைக் கணினியில் ஹக்காலா.

"பிளேர் துரை ஒரு வரி கேட்டாரில்ல உன்கிட்ட?" என்றார் ஆர்வோ. அவர் காதிலும் விழுந்திருக்கிறது. "எழுதிக் குடுத்துட்டுப் போ. உனக்கு எதுக்கு வம்பு."

"ஒரு வரி பத்தாது," என்றாள் ஜினெட்.

பதிவேட்டின் அந்த வரிகளை ஒரு பக்கத்தில் எடுத்து வைத்தாள். அதற்குக் கீழே அக்டோபரில் வந்த கோரிக்கையையும், அதற்கு அவள் போட்ட பதிலையும், அவள் பெயரோடு சேர்த்தாள். கை கொஞ்சம் யோசித்தது. இந்த நிலையத்தில் அச்செடுக்கும் இயந்திரம் ஒன்றுதான் உண்டு, அது பிளேரின் அறையில் இருக்கிறது. அச்சு என்ற பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரத்தில் விளக்கு எரிந்தது. குளிர்காலத்தில் அது சூடேற நேரமெடுக்கும். பிளேர் தான் கேட்ட அந்த ஒரு வரிதான் வருகிறது என்று நினைத்து எழுந்து வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். தாள் நுனி வெளியே வந்தது. அவர் அதை எடுத்து, உட்காரப் போனவர் உட்காராமல், நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

ஆர்வோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மடிப்பிலிருந்த தாள் துண்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மேட்டுத் தொட்டி பச்சையாக, யாரையும் எதுவும் கேட்காமல், மெல்ல நிறைந்துகொண்டிருந்தது.