வாசலுக்கு ஓர் ஆம்பிளை

மேல் ஊரில் அவளைக் கம்பிக்காரர் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன்தான் விஞ்சு என்கிற வடமிழுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். கீழே சாலை முடிகிற இடத்திலிருந்து மேல் ஊர் வரை, பள்ளத்தின் குறுக்கே இரும்பு வடம் போகிறது. அதில் இரண்டு தகரத் தொட்டிகள் தொங்கும். ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே இறங்கும். மாவு, உப்பு, மண்ணெண்ணெய், சிமெண்ட், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு என்று சகலமும் அதில்தான் வரும். கீழே இருப்பவன் மணிக்கயிற்றை ஒரு தடவை இழுத்தால் ஏற்று, இரண்டு தடவை இழுத்தால் நிறுத்து.

விஞ்சு வருவதற்கு முன்னால் அத்தனையும் பெண்கள் முதுகில் ஏறி வந்தன. நெற்றியில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து கயிறு, கயிற்றில் மூட்டை. அந்த மலைச்சனத்தில் ஆண் முதுகில் சுமை ஏற்றுவதில்லை. கோடாலி ஆணுக்கு, மாடு ஆணுக்கு, கூட்டத்தில் பேசுவது ஆணுக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மழை ஏன் மேலிருந்து விழுகிறது என்று யாராவது கேட்பார்களா? விஞ்சு வந்ததும் அதுவும் ஆணுக்குப் போயிற்று. இயந்திரமாயிற்றே.

அடுத்த வருஷமே கம்பிக்காரரின் வலது கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. அப்போது தொட்டி பாதி வழியில் தொங்கிக்கொண்டிருந்தது. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுவரோரம் சாய்ந்து அவர் சொல்லச் சொல்ல, அவள் பிரேக் கட்டையைப் பிடித்துத் தொட்டியை மேலே கொண்டுவந்தாள். பிறகு அந்தக் கட்டை அவள் கையிலேயே இருந்துவிட்டது. விஞ்சு போட்டுக் கொடுத்த கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் யாரும் கீழே சொல்லவில்லை.

அவர் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். போகிற வருகிறவர்களோடு ஊர்ப்பேச்சு. உள்ளே டீசல் புகையில் அவள். ஊருக்கே தெரியும், ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஓர் ஆம்பிளை இருக்கிறாரல்லவா, அது போதும்.

"என் கை உள்ள வேலை பாத்துட்டிருக்கு, நான் வெளிய காத்து வாங்கிட்டிருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தொட்டி, பாதி வழியில் வடத்தைத் தாங்கி நிற்கும் நடுத்தூணை நெருங்கும்போது இன்ஜினின் குரல் கொஞ்சம் கம்மும். அப்போது கட்டையை மெதுவாக அழுத்தி, தூணைத் தாண்டியதும் விட வேண்டும். விட்டதும் பாரம் லேசாகி வடம் நழுவி ஓடி வரும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் காலையில் சீக்கிரம் வந்துவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது கம்பிக்காரர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு கீழேயிருந்து மணி அடித்தது. மாவு வந்திருக்கிறது. அவள் எழுந்து போய் இன்ஜினைக் கிளப்பினாள். வழக்கம் போல ஏற்றினாள், வழக்கம் போல இறக்கினாள். ஆனால் முக்காலி காலியாக இருந்தது. அந்த வழியாகப் போன ஆண்கள் ஒவ்வொருவரும் நின்று அந்த முக்காலியைப் பார்த்தார்கள், உள்ளே அவளைப் பார்த்தார்கள், பேசாமல் போனார்கள்.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். விஞ்சுக்கு ஆள் எழுதிக் கொடுக்க வேண்டியது ஊர்க் கமிட்டி. கமிட்டியில் பெண்கள் கிடையாது. சுவருக்கு வெளியே நின்று கேட்கலாம். தலைவர் அவளுடைய கொழுந்தன் பெயரைச் சொன்னார். அண்ணன் வேலை தம்பிக்கு, இதில் பேச என்ன இருக்கிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினாள். "மாமா, இத்தன வருஷமா ஓட்டுனது நான்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

தலைவர் கோபப்படவில்லை. "தெரியும்மா. இப்ப உன்ன யாரு வேணாம்னு சொன்னா? நீயே ஓட்டு. பேரு மட்டும் அவன் பேர்ல இருக்கட்டும். வாசல்ல அவன் உக்காந்துக்கட்டும்."

"பேரும் என் பேர்ல இருக்கட்டும் மாமா."

கமிட்டியில் அவளுடைய சொந்த அண்ணனும் இருந்தான். அவன் எழுந்து வெளியே வந்து அவள் தோளைத் தொட்டான். "வா, வீட்டுக்குப் போலாம். என் மானத்த வாங்காத."

"நீ ஒரு வார்த்த சொல்லேன்ணே."

"என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றான் அவன். உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. கீழே இறங்கிப் போய் கம்பெனி சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், விரல் போன கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க நல்லா ஓட்டுவீங்கம்மா, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கமிட்டி யாரச் சொல்லுதோ அவங்கதான். மலைச்சனத்தோட வழக்கத்துல நாங்க தலையிட மாட்டோம். உங்க வழக்கத்துக்கு நாங்க ரொம்ப மரியாத குடுக்கிறோம்."

மரியாதை கொடுக்கிறவரிடம் சண்டை போட அவளுக்குத் தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு மலை ஏறினாள்.

கொழுந்தனிடம் சாவியைக் கொடுத்தாள். அவன் கெட்டவன் இல்லை. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான். "அண்ணி, நீங்களே உள்ள இருங்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன்" என்றான்.

"வேல உன்னோடது தம்பி. நீ பாரு."

இதுதான் அவள் வாழ்க்கையிலேயே செய்த ஒரே முரண்டு. ஓரகத்தி, கொழுந்தனின் பெண்டாட்டி, மாட்டுக் கொட்டகையில் அவள் காதோடு காதாகச் சொன்னாள். "விட்டுக் குடுக்காதக்கா. எம்புருஷன்தான், இருந்தாலும் சொல்றேன். நாலு நாள் நின்னா தானா வழிக்கு வருவாங்க." தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மற்றப் பெண்களும் அதையே சொன்னார்கள். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கொழுந்தன் எப்படியோ சில தடவை ஏற்றினான். ஒரு நாள் நடுத்தூணில் தொட்டி போய் மோதி, வடம் உருளையை விட்டுக் கழன்று, மாவு மூட்டைகள் பள்ளத்தில் கொட்டின. கம்பெனி ஆட்கள் வந்து வடத்தை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அதன் பிறகு அவன் கட்டையைத் தொடவே பயந்தான். வயிற்று வலி என்றான், தலைசுற்றல் என்றான், பிறகு விஞ்சு அறைப் பக்கமே போவதை நிறுத்திவிட்டான். கீழேயிருந்து மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனது.

ஆண்கள் வழிக்கு வருவார்கள் என்று அவள் காத்திருந்தாள். அவர்களுக்கோ எந்த அவசரமும் இல்லை. "நம்ம அம்மாங்க தூக்கலையா? இவங்களும் தூக்கட்டும்" என்று தலைவர் சொன்னார். வீடுகளின் மூலையில் கிடந்த பட்டைகளைப் பெண்கள் தூசி தட்டி எடுத்தார்கள்.

அவளும் எடுத்தாள். மழையில் பாதை சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. கீழே போய் மாவு, மேலே வந்து அடுப்பு, மறுபடி கீழே போய் மண்ணெண்ணெய். கழுத்து நரம்பு புடைத்து, தலையைத் திருப்ப முடியாமல், முன்னால் போகிறவளின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். அப்பா செத்ததற்குப் பள்ளிக்கூட விடுதியிலிருந்து வந்த அவள் மகள் திரும்பிப் போகவில்லை. அனுப்ப யாரும் அவசரப்படவில்லை. மகள் நெற்றியிலும் பட்டை ஏறியது. ஆண்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. மாவு முன்பு வந்த மாதிரியே வந்துகொண்டிருந்தது.

ஓரகத்தி விழுந்தது ஒரு மதியத்தில். முதுகில் மண்ணெண்ணெய் டின். வளைவில் கால் வழுக்கி, டின்னோடு உருண்டு, கீழே ஒரு பாறையில் இடுப்பு இடித்து நின்றாள். பெண்கள்தான் இறங்கிப் போய்ப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனிமேல் கம்பு ஊன்றித்தான் நடப்பாள் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் பெண்கள் கம்பிக்காரர் பெண்டாட்டி வீட்டுக்கு வந்தார்கள். விட்டுக்கொடுக்காதே என்று சொன்ன அதே பெண்கள். ஒருத்தி மட்டும் பேசினாள், மற்றவர்கள் ஈரத்தோடு வாசலில் நின்றார்கள்.

"உனக்குப் பேரு வேணும். அதுக்கு எங்க இடுப்பு ஒடியணுமா?"

"நிறுத்தினது நான் இல்ல. அவங்க..."

"அவங்கள என்ன பண்ண முடியும்? அவங்க அப்பிடித்தான். உன்னால முடியும்ல. ஓட்டத் தெரிஞ்சவ நீதான?"

அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஓரகத்தியைப் போய்ப் பார்த்தாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "உன்மேல எனக்கு வருத்தம் இல்லக்கா" என்றாள், திரும்பாமலே. அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலையில் அவள் விஞ்சு அறைக்குப் போனாள். கொழுந்தன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு வாசலில் உட்கார்ந்தான். சம்பளம் அவன் கைக்கு வந்தது. வீட்டுக்கு வேண்டியதை அவனே வாங்கிப் போட்டான், கணக்காக இல்லாவிட்டாலும் மனசாட்சியோடு. சூப்பர்வைசர் ஒருமுறை மேலே வந்து, விஞ்சு இப்போது நன்றாக ஓடுகிறது என்று அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அப்போது அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, தானாகவே போய் நின்றாள். அதை நினைத்துத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தொட்டி நடுத்தூணைத் தாண்டும் நொடி இப்போதும் வந்தது. கை தானாக அழுத்தியது, தானாக விட்டது. முன்பு மனசுக்குள் ஏதோ லேசாகுமே, அது மட்டும் வரவில்லை.

மழை விட்ட பிறகு ஒரு நாள் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். விடுதியில் அவள் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அந்தக் கட்டைய எப்ப அழுத்தணும்னு எப்பிடித் தெரியும்?"

"வீட்டுக்குப் போ."

"சொல்லேன். நானும் கத்துக்கிறேன்."

"கத்துக்கிட்டா உன்னயும் இதுக்குள்ள உக்கார வச்சிருவாங்க. வெளிய ஒருத்தன் உக்காந்துக்குவான். உனக்கு இது தெரியவே வேணாம்."

மகளுக்குப் பட்டை அழுத்திய இடத்தில் நெற்றித் தோல் வழுவழுவென்று மின்னியது.

"அப்ப உனக்கப்புறம் நான் முதுகுல தூக்குறதா?"

கீழேயிருந்து மணி ஒரு தடவை அடித்தது. அவள் மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று இன்ஜினைக் கிளப்பினாள். அந்தச் சத்தத்தில் மகள் அதற்கு மேல் ஏதாவது கேட்டாளா, எப்போது போனாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.