இலை விரியும்வரை

"நிறுத்து! பக்கெட்டை இறக்காதே!"

கத்தல் காதில் விழுந்த அதே நொடியில் ரியோஹே லீவரைப் பின்னால் இழுத்தான். பொக்லைனின் இரும்புப் பற்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் அந்தரத்தில் நின்று ஆடின. அவற்றுக்கு நேர் கீழே, பனி உருகிய சேற்றில், சமையல் ஏப்ரனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் மிட்சுயோ.

ஒரு முழம்தான் இடைவெளி. கொஞ்சம் அசந்திருந்தால் கொலைகாரன் ஆகியிருப்பான்.

"அக்கா! பைத்தியமா உங்களுக்கு? தலை போயிருக்கும்!"

"போகட்டுமே. ஒரு வருஷமா இந்த ஊரே என் தலையைத்தானே உருட்டிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு ஒரேயடியா எடுத்துட்டுப் போங்க."

அவளைச் சுற்றி, போன வருஷத்துச் சருகைக் குத்திக்கொண்டு முளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வாழைக்குருத்தை விரல் அளவுக்குச் சின்னதாக்கி வரிசையாக நட்டுவைத்தாற்போல, இறுக்கிச் சுருண்டு, வெளிர் பச்சையில். நகரத்து நர்சரிகளில் ஹோஸ்டா என்று பெயர் எழுதித் தொட்டியில் அழகுக்கு விற்கிற செடிதான். கஸ்ஸான் மலையடிவாரத்தில் இருக்கிற கமினுமாவில் அதற்கு உருய் என்று பெயர். அங்கே அது சாப்பாடு.

"மாப்ளே! என்ன வேடிக்கை? தோண்டு!"

பின்னாலிருந்து உறுமியவர் டோகுஜி. ஊர்த்தலைவர். ரியோஹேவின் மனைவி ஹிதேமியைப் பெற்றவர். போதாததற்கு, போன வருஷம் இதே கீரையைத் தின்று சாவின் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்.

அந்த நாளைக் கமினுமாவில் யாராலும் மறக்க முடியாது. வசந்தத்தில் ஊரே கூடி வாய்க்காலைத் தூர் வாரும் ஞாயிறு. வேலை முடிந்ததும் மிட்சுயோவின் நூடுல்ஸ் கடையில் பந்தி. மிசோ என்கிற புளிப்புச் சோயா விழுதில் பிரட்டிய உருய் இல்லாமல் அந்தப் பந்தி நடந்ததே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் நாக்கு மரத்தது. அப்புறம் வாந்தி. ஆம்புலன்ஸ் மேல் ஆம்புலன்ஸ். டோகுஜிக்கு நாடி இறங்கி, பிழைப்பாரா மாட்டாரா என்று ஆகிவிட்டது.

பானையில் மிஞ்சியதை அன்றே பரிசோதித்தவர்கள் பைகெய்சோ என்றார்கள். மலைச் சதுப்பில் வளர்கிற கொடிய விஷச்செடி. முளையில் அதுவும் உருயும் ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பிபோல இருக்கும்.

"கீரை எங்கே பறிச்சே?" என்று கேட்டதற்கு மிட்சுயோ, "என் தோட்டத்துல" என்றாள். அவ்வளவுதான். அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் அவள் மலையிலிருந்து சில வேர்க்கட்டைகளைப் பெயர்த்து வந்து நட்டது ஊருக்கே தெரியும். கூடவே விஷத்தையும் கொண்டுவந்து நட்டுவிட்டாள் என்று முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே நாலைந்து பேர் அரிவாளோடு வந்து பாத்தியைத் தரைமட்டமாக அறுத்துக் கொளுத்தினார்கள். மறுநாள் சுகாதார ஆட்கள் தோட்டத்தைப் பார்க்க வந்தபோது சாம்பல்தான் மிச்சம்.

அரசாங்கம் கடையைச் சில நாள்தான் மூடச் சொன்னது. ஊர் ஒரு வருஷமாகத் திறக்கவிடவில்லை. கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே நுழையத்தான் ஆள் கிடையாது.

இப்போது, அறுத்தும் கொளுத்தியும் சாகாத வேர்களிலிருந்து முளை கிளம்பிவிட்டது. தோண்டி எறிவது என்று ஊர்க்கூட்டம் தீர்மானம் போட்டது. பொக்லைன் வைத்திருப்பவன் ரியோஹே.

"எழுந்திரும்மா மிட்சுயோ," என்றார் டோகுஜி. "ஊர் முடிவு பண்ணியாச்சு."

"ஊர் முடிவு பண்ணினா செடி சாதி மாறிடுமா தலைவரே? முளையில ரெண்டும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். இலை விரியட்டும். உருய்க்குக் காம்பு இருக்கும், நடு நரம்புலேருந்து கிளை நரம்பு பிரியும். அந்தச் சனியனுக்குக் காம்பே கிடையாது, நரம்பு பூரா விசிறி மடிப்பு மாதிரி ஓடும். உங்களைவிடவா எனக்குத் தெரியும்? அஞ்சாறு ஊருக்கு மலைக்கீரைன்னாலே நீங்கதானே. வாய்க்கால் ஞாயிறு வரைக்கும் பொறுங்க. நீங்களே வந்து பாருங்க."

"ஒரு விஷ இலை இருந்தா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நானே மண்வெட்டியை எடுத்து மொத்தத்தையும் கொத்திப் போட்டுடறேன். கடையை இழுத்து மூடிட்டு ஊரைவிட்டே போறேன்."

"இல்லைன்னா?"

"என் கடை கடையா இருக்கும். நீங்க எல்லாரும் வந்து என் கையால வாங்கிச் சாப்பிடுவீங்க."

டோகுஜியின் கழுத்து நரம்பு புடைத்தது. "மாப்ளே, தோண்டு!"

ரியோஹே எஞ்சினை அணைத்தான்.

"என்ன ஆச்சு?"

"சூடாயிடுச்சு மாமா."

"இப்பத்தானே ஸ்டார்ட் பண்ணே?"

"பழைய வண்டி. உங்களை மாதிரிதான், சட்டுனு சூடாயிடும்."

வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. ஞாயிறுவரை கெடு கிடைத்தது.

வீட்டில் ரியோஹேவுக்குக் கிடைத்தது அர்ச்சனை.

"எங்கப்பா ஆஸ்பத்திரியில நாடி இறங்கிக் கெடந்தாரு. நீங்க அந்தப் பொம்பளைக்கு வக்காலத்து வாங்கறீங்க!" ஹிதேமி சோற்றுக் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள்.

"நானும்தான் குடலே வெளியே வர்ற மாதிரி வாந்தி எடுத்தேன். ஆனா யாரு செஞ்சதுன்னு பாக்காம ஒருத்தர் பொழப்பைத் தோண்டி எறியறதா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"பாத்தாத்தானே தெரியும்."

மறுநாளிலிருந்து அந்தத் தோட்டம் திருவிழாக் கடைவீதி மாதிரி ஆனது. விடிந்தால் போதும், ஊர்ச் சனம் ரப்பர் பூட்ஸோடு வந்து பாத்தி ஓரம் குந்திவிடும். பக்கத்து வீட்டுக் கிகுயே மடக்கு நாற்காலியே கொண்டுவந்துவிட்டாள். விஷம் இருக்கும், இருக்காது என்று முள்ளங்கி ஊறுகாயில் பந்தயம் வேறு.

"எழவு வீட்டுல உக்காந்த மாதிரி ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? டீ குடிக்கிறீங்களா?" என்று மிட்சுயோ தட்டோடு வருவாள்.

ஒரு கையும் நீளாது.

"பயப்படாதீங்க, விஷம் நேத்தே தீந்துபோச்சு." ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, அவர்கள் கண்முன்னாலேயே சத்தமாக உறிஞ்சி முடிப்பாள். "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கொடுத்து வைக்கலை."

முளைகளும் அவளை மாதிரியே வீம்பு பிடித்தவை. ஒரு குருத்து வழியில் கிடந்த கரிக்கட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டே வெளியே வந்தது. இன்னொன்று மக்கிய இலையை நடுவில் துளைத்துக் கழுத்துப்பட்டை மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாள் மழை, மறுநாள் வெயில். சாண் உயரம் வந்தாயிற்று. ஆனால் சுருள் மட்டும் அவிழவில்லை. பொக்லைன் ஓட்டப் போகும்போதும் வரும்போதும் ரியோஹே வண்டியை நிறுத்திப் பார்ப்பான். எதற்கு இந்தப் படபடப்பு என்று அவனுக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"உறைபனி எச்சரிக்கை. செர்ரித் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு..."

உறைபனி விழுந்தால் குருத்து கறுத்துக் கூழாகிவிடும். விரிய எதுவும் மிஞ்சாது.

ரியோஹே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டோகுஜி வேலியோரம் நின்றிருந்தார்.

"விடிஞ்சா எல்லாம் கருகிடும். இலை இல்லைன்னா சாட்சி இல்லை. ஞாயித்துக்கிழமை தோண்டறதுதான்."

"வானமும் உங்க கட்சியில சேந்துடுச்சா தலைவரே?" என்றபடி மிட்சுயோ கடைக்குள்ளிருந்து வந்தாள். நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே நூடுல்ஸ் கிண்ணங்களை அடுக்கிப் பிடித்திருந்தாள். மண்டியிட்டாள். ஒவ்வொரு குருத்தின் தலையிலும் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"என்னக்கா இது?"

"ஒரு வருஷமா அலமாரியில சும்மா கெடக்கு. இதுங்களுக்கும் ஒரு வேலை வேணாமா? நின்னு பாக்காதே ரியோஹே, உள்ளே பெரிய கிண்ணம் இருக்கு, எடுத்துட்டு வா."

மாமனார் முறைக்க முறைக்க அவன் உள்ளே போனான். சூப் கிண்ணம், அரக்குக் கிண்ணம், பொரியல் சட்டி, கடைசியில் சோறு வடிக்கும் கூடை வரைக்கும் தீர்ந்துவிட்டது. பாத்தியில் இன்னும் ஒரு வரிசை மொட்டையாக நின்றது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கலகலவென்று சத்தம். கிகுயே தன் வீட்டுச் சோற்றுக் கிண்ணங்களை ஏப்ரனில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"பாசமெல்லாம் இல்லைடி. முளை செத்தா என் ஊறுகாய் போயிடும்."

"அதானே பாத்தேன்," என்றாள் மிட்சுயோ. ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "சும்மா பேசாம அந்தக் கடைசியை மூடு."

விடிந்ததும் பாத்தி முழுக்க வெள்ளைப் பூச்சு. கிண்ணத்து முதுகெல்லாம் பனி. மிட்சுயோ முதல் கிண்ணத்தைத் தூக்கினாள். உள்ளே குருத்து உயிரோடு நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. கூடை வைத்த ஒன்றுமட்டும் நுனி கருகியிருந்தது. மற்றவையெல்லாம் முறைத்துக்கொண்டு நின்றன.

அன்று வெயில் அடித்த அடியில் சுருள்கள் தளர ஆரம்பித்தன.

ஞாயிறு. வாய்க்கால் வேலைக்கு மண்வெட்டியோடு வந்த ஊர் மொத்தமும் தோட்டத்தில் திரண்டது. டோகுஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். மிட்சுயோ கடை வாசலில் கைகட்டி நின்றாள். பக்கத்தில் ஒரு மண்வெட்டி தயாராகச் சாத்தியிருந்தது. சொன்ன சொல்லுக்கு அவளே எடுத்து வைத்தது.

முதல் இலையைப் புரட்டினார். "காம்பு இருக்கு. உருய்."

இரண்டாவது. "உருய்."

"உருய்... உருய்..." என்று அவர் குரல் வரிசை வரிசையாக நகர்ந்தது. மலையிலிருந்து கொண்டுவந்து நட்ட மூலைக்கு வந்தபோது மிட்சுயோவின் விரல்கள் ஏப்ரனை இறுக்குவதை ரியோஹே பார்த்தான்.

"உருய்," என்றார் டோகுஜி. இந்தத் தடவை சத்தம் உள்ளுக்குள்ளேயே போயிற்று. அதற்கப்புறம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே போனார். கடைசிச் செடியைத் தொட்டுவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கை சேற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. தோற்றுப்போன ஆத்திரம் என்று ரியோஹே நினைத்தான்.

"ஒண்ணுகூட இல்லையா?" கிகுயே எழுந்து நின்றாள். "அப்போ போன வருஷம் பானைக்குள்ள போனது எங்கேருந்துடி வந்துச்சு?"

மிட்சுயோ மண்வெட்டியைக் காலால் எட்டித் தள்ளினாள். அது தடாலென்று விழுந்தது.

"அன்னிக்குக் காலையில என் சமையல்கட்டு வாசல்ல ஒரு கட்டு இருந்துச்சு. நியூஸ் பேப்பர்ல சுத்தி. பேரு கிடையாது."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பேர் இல்லாததில் அதிசயம் ஒன்றுமில்லை. கமினுமாவில் யார் தோட்டத்தில் எது மிஞ்சினாலும், மலையில் எது கிடைத்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். யார் வைத்தது என்று விசாரிப்பது மரியாதை இல்லை. சமைக்காமல் எறிவது அதைவிட மோசம்.

"பந்திக்குக் கீரை பத்தாதேன்னு தவிச்சுக்கிட்டு இருந்த நேரம். நம்பி என் கீரையோட சேத்துட்டேன்."

"அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா? மாட்டிக்கிட்டவ அடுத்தவங்க மேல பழி போடறான்னு காறித் துப்பியிருப்பீங்க. சாம்பலை வச்சுக்கிட்டு நான் எதை நிரூபிக்கிறது? முதல்ல இதுங்க வாயைத் திறக்கட்டும், அப்புறம் நான் திறக்கறேன்னு இருந்தேன்."

"யாரு வச்சதுன்னு தெரியுமா?" ரியோஹே கேட்டான்.

"தெரியும். ஜன்னல் வழியாப் பாத்தேன். முதுகை இல்லை, முகத்தை."

ஹிதேமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "யாரு? எங்கப்பாவைச் சாகக் கெடத்தினது யாரு? இப்பவே சொல்லுங்க!"

மிட்சுயோ அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ஒரு வருஷம் இந்தச் சேத்துல உக்காந்தாச்சு. என் வாயால வராது. கட்டு வச்சவங்க இங்கேதான் இருக்காங்க. ஆம்பளையோ பொம்பளையோ, தைரியம் இருந்தா எழுந்து நிக்கட்டும்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

டோகுஜி சேற்றில் ஒரு கையை ஊன்றினார். ரியோஹே ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தள்ளாடிக்கொண்டு தானே எழுந்தார்.

"நீங்க உக்காருங்கப்பா," என்றாள் ஹிதேமி. "கட்டு வச்சவங்களைத்தான் எழுந்திரிக்கச் சொல்றாங்க."

டோகுஜி உட்காரவில்லை.