கனடாவுக்குப் படம் போகவேண்டும்

பண்டத்தரிப்பில் இப்போது செத்தவீடு என்றால் பந்தல் போட்டாலும் காணாது, போதகர் வந்தாலும் காணாது. கனடாவுக்குப் படம் போகவேண்டும். படம் போகாமல் பிரேதம் வாசல் தாண்டாது. ஞானரட்ணம் மாஸ்ரர் உயிரோடிருந்த காலத்தில் ஆராதனை கொஞ்சம் பிந்தினாலே மணிக்கூட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமுகிற மனிதர். அவரைப் பெட்டியில் கிடத்தி, ஊரைப் பந்தலுக்குள் அவியவிட்டுவிட்டு, எல்லோரும் ஒரு கமராவுக்காகக் காத்திருந்தார்கள்.

கமராவுக்குப் பொறுப்பு அவருடைய மகள் ஜெயந்தினி. வீட்டில் கணினி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பெட்டி ஹோலில் இருந்தது. கால்மாட்டில் ஒரு கம்பியில் கமரா. அதன் வயர் யன்னலால் பக்கத்து அறைக்குப் போய் மேசையிலிருந்த மடிக்கணினியில் முடிந்தது. அந்த அறையில், வெள்ளைச் சேலையோடு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் இருந்தாள். திரையில் தம்பி றூபன், ரொறன்ரோவில் இன்னும் விடியாத நேரத்தில், கோட்டும் ரையுமாக.

"அக்கா, இஞ்சை ஒரே கறுப்பாக் கிடக்கு."

"பொறு, பாக்கிறன்."

கைபேசியில் காட்டலாமே என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். றூபன் மறுத்துவிட்டான். பெரியப்பாவின் செத்தவீட்டைக் கைபேசியில் காட்டப்போய், படம் ஆடி ஆடி, கடைசியில் யாரோ ஒருவரின் செருப்பைத்தான் கனடா பார்த்து அழுதது. இந்த முறை அவன் வீட்டுப் பெரிய ரீவிக்கு முன்னால் சனம் கூடியிருந்தது.

சித்தப்பா லெனாட் தலையை நீட்டினார். "என்ன பிள்ளை, சரிவருதே? போதகருக்குச் சங்கானையிலை வேறை அலுவல் இருக்காம்."

"சித்தப்பா, நான் வருமட்டும் மூடிப்போடாதேங்கோ. நான் இன்னும் அப்பாவைக் கொஞ்சேல்லை."

"நீ இல்லாமல் மூடுவமே? முதல் உதைப் பார். உந்த லினக்ஸ் சனியனைப் போடாதை எண்டு நான் அப்பவே சொன்னனான்."

அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. லினக்ஸ் என்ற சொல்லையே அவர் அன்று காலையில்தான் கேள்விப்பட்டார். றூபன் தனக்குதவாத பழைய கணினியை அனுப்பியிருந்தான். அது ஆமை வேகத்தில் ஊர்ந்ததால் ஜெயந்தினி உள்ளே இருந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு எடுத்ததெல்லாம் அதில்தான்.

பிரேதம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்கு அப்பாவின் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, பாட்டுப் புத்தகம், கதிரை, பிறகு இந்தக் கமரா. மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் கடைசியாக முகத்தில் முத்தமிட்டுக் கொஞ்சுவது வழக்கம். அந்த ஒரு கணம் தன்னுடையது, அதை யாரும் பறிக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள்.

வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டினாள். கணினி கமராவைக் கண்டுகொண்டது; பெயரும் சரியாக வந்தது. வேறொரு செயலியில் திறந்தாள், அதிலும் கறுப்பு. கமராவைப் பாவிக்கும் அனுமதியைப் பார்த்தாள்; இருந்தது. கடைசியில் கட்டளை எழுதும் திரையைத் திறந்து சோதித்தபோது, கமரா வேறு வேலையில் இருக்கிறது என்று பதில் வந்தது. யார் பிடித்து வைத்திருப்பது என்று கேட்டாள். ஒரு வரி வந்தது.

அதை இரண்டாந்தரமும் வாசித்தாள்.

அது அவளே போட்ட நிரல். அப்பா பாயும் படுக்கையுமான மாதத்தில் அவருடைய கட்டிலுக்கு மேலே இதே கமராவைக் கட்டினாள். வகுப்பு எடுக்கும்போது நிரல் திரையில் தெரியாமல் பின்னால் ஓடும். அவர் அசைந்தால் மெல்ல மணி அடிக்கும், எழுந்து ஓடுவாள். கணினியைப் போட்டதும் நிரல் தானாகவே தொடங்கிவிடும். கமராவைக் கழற்றி ஹோலுக்குக் கொண்டுவந்தவள் நிரலை மறந்துவிட்டாள். கமராவில் ஒரு பிழையும் இல்லை. அவள் சொன்னபடி அது அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது, அசைகிறாரா என்று.

அழவேண்டும் போலிருந்தது. அழ நேரமில்லை.

"அக்கா, என்ன செய்யிறாய்? சனம் பாத்துக்கொண்டிருக்குது."

நிரலை நிறுத்தும் கட்டளையை எழுதினாள். படம் வந்தது.

"ஆ, இப்ப நல்ல கிளியர்," என்றான் றூபன். அவள் எழுந்தாள். "போகாதை அக்கா. என்ரை சத்தம் அங்கை கேக்குதோ? நான் கதைக்கவேணும்."

ஹோலில் வைத்த ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. மறுபடி இருந்தாள். அங்கே, றூபன் சொன்ன 'கிளியர்' யன்னலால் கேட்ட லெனாட், குடும்பம் ஆயத்தம் என்று போதகருக்குத் தலையை ஆட்டினார். படம் போனால் கனடா வந்துவிட்டது; கனடா வந்தால் எல்லோரும் வந்த மாதிரித்தான்.

சத்தமும் வந்தது. றூபன் பேசினான். "எங்கடை அப்பாவைக் கடைசிவரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நாங்கள் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்தம்." அந்த 'நாங்கள்' தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக அவள் சத்தத்தை ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்தாள். அவன் முடிக்கப் பாட்டு எழும்பியது. திரையில், சின்னதாக, லெனாட் அப்பாவின் முகத்தில் லேஸ் துணியை இழுத்துவிடுவது தெரிந்தது.

ஓடினாள். கதவடியில் சனம். "விடுங்கோ, விடுங்கோ" என்று முதுகுகளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மூடி இறங்கியிருந்தது. லெனாட் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, திறவுங்கோ. நான் கொஞ்சேல்லை."

"மூடின பெட்டியைத் திறக்கிறேல்லை, பிள்ளை. கூடாது. எல்லாரும் கொஞ்சிச்சினம், நீயும் கொஞ்சினாய் எண்டெல்லே நினைச்சன்."

போதகர் வேதப்புத்தகத்தைப் பார்த்தார். தூக்குகிறவர்கள் குனிந்தார்கள். ஜெயந்தினி பலகையில் வாயை வைத்தாள். வார்னிஷ் மணத்தது.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பி அறைக்குள் வந்தபோது கணினியில் அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல் இருந்தது. றூபன் ரையைக் கழற்றியிருந்தான்.

"அப்பான்ரை முகம் பக்கத்திலை நிண்டு பாத்தமாதிரி இருந்தது அக்கா. ஒரு குறையும் இல்லை. ஒண்டுதான். பெட்டி மூடுமட்டும் மகள் கிட்டவும் வரேல்லையே எண்டு இஞ்சை மாமியாக்கள் கேட்டவை. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஒருக்கா வந்து கொஞ்சியிருக்கலாமே."

அவள் கமரா வயரைப் பிடுங்கினாள்.

"திரும்பவும் கறுப்பாப் போட்டுது," என்றான் றூபன். "உந்த லினக்ஸை முதல் தூக்கி எறி அக்கா."