இரண்டு பீப்புக்கு நடுவில்

சூப்பர்வைசருக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

எங்களுடையது செருப்புக் கிடங்கு. பெல்ட்டில் வரும் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேனரில் காட்டி அனுப்புவது என் வேலை. ஒரு பெட்டிக்கு ஒரு பீப். போன வருடம் உலகத்தையே படுக்கவைத்த காய்ச்சலில் நானும் விழுந்து, இருபத்திரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். அங்கேயும் பீப்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்து இரண்டு விரலை மட்டும் அசைப்பார். ஒரு மத்தியானம் அவருடைய மிஷின் நீளமாக அலறியது. நர்ஸ் வந்து அதை அணைத்தார். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அன்றிலிருந்து ஒரு பீப் கேட்டால், அடுத்தது கேட்கும்வரை எனக்கு மூச்சு வராது.

"யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்றார் மனநல மருத்துவர். போயும் போயும் சூப்பர்வைசரிடம் பேசினேன். லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"காய்ச்சல் போச்சு, மறை கழண்டுடுச்சு" என்றார் அவர். மறுநாளிலிருந்து, நான் வேகமாக ஸ்கேன் செய்யும்போது வந்து பெல்ட்டை நிறுத்துவார். கிடங்கு அமைதியாகும். அடுத்த பீப் வராமல், பெட்டியைக் கையில் பிடித்தபடி நான் அப்படியே நின்றுவிடுவேன். "பாத்தீங்களா, மிஷின் நின்னுடுச்சு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் பெயரே மிஷின் ஆகிவிட்டது.

"வேலையை விட்டுத் தொலை" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் ஏன் விடணும்? அந்த ஆள் ஒரு நாள் என் கையில மாட்டாமலா போவான்?"

மாட்டினார். அவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துவிட்டு, ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. டீ நேரத்தில், எல்லோரும் வெளியே போனபிறகு, என்னிடம் வந்தார்.

"அக்கா" என்றார். நேற்றுவரை மிஷின், இன்றைக்கு அக்கா.

"சொல்லுங்க சார்."

"சத்தம் நின்னா உங்களுக்கு மூச்சு அடைக்குமே. அது எப்போ சரியாச்சு?"

"உங்களுக்கும் அடைக்குதா?"

தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

எட்டு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசவு ஒன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. "பக்கத்துல நில்லுங்க சார்" என்று ஒரு பெட்டியை எடுத்தேன். பீப். இன்னொன்று. பீப். மூன்றாவது, பீப். நான்காவது பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார். உதடு வெளுத்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து. ஆறு. ஸ்கேனர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது.

"அக்கா, அடுத்தது" என்றார். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

இருபதுவரை இழுக்கத்தான் நினைத்திருந்தேன். பதினொன்றில் எனக்கே முடியவில்லை. நானும் மூச்சு விடாமல்தான் நின்றிருக்கிறேன். பெட்டியைக் காட்டினேன். பீப். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம்.

"எப்போ சரியாச்சுன்னு கேட்டீங்களே சார்" என்றேன். "சரியாகவே இல்ல."

அடுத்த பெட்டியை எடுத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.