ஃபேன் சத்தம்

தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது, காது கேளாதவர்களுக்காகக் கீழே எழுத்து ஓடுமே, அதை நாங்கள் தட்டச்சு செய்வதில்லை. மகாய் நகரில் என் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்ல நான் மைக்கில் திருப்பிச் சொல்வேன். கம்ப்யூட்டர் அதை எழுத்தாக்கிவிடும். கமா, முற்றுப்புள்ளி எல்லாமே வாயால்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் கடைக்காரனிடம்கூட "ரொட்டி ஒண்ணு கமா பால் ஒண்ணு" என்று உளறியிருக்கிறேன்.

வெயில் காலம் தொடங்கியதிலிருந்து என் எழுத்து பின்தங்க ஆரம்பித்தது. திரையில் கிரிக்கெட் வந்த பிறகும் கீழே புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும். புகார்கள் குவிந்தன. நான் என் காதைச் சந்தேகப்பட்டேன், நாக்கைச் சந்தேகப்பட்டேன். என் புருஷன் டேரலிடம் அழுதேன்.

"வயசாகுதில்ல, விடு" என்றான்.

டேரலுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு வேலை. பகலில் வெளிச்சம் வரக் கூடாது என்று படுக்கையறை ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறான். அவன் தூங்கும்போது நான் கழிவறையில் தண்ணீர்கூடத் திறந்து விட மாட்டேன்.

திங்கட்கிழமை என் வேலை போனது. கம்பெனி கொடுத்த மென்பொருளை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். கூட வேலை பார்த்த ப்ரோன்வின் போனில் வழி சொன்னாள். ப்ரோக்ராம் பட்டியலைத் திறந்தால், அதில் நான் போடாத ஒரு பெயர் இருந்தது. படித்துக் காட்டினேன்.

"அடிப்பாவி, அது ப்ராசஸரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரோக்ராம். அதை ஏன்டி போட்ட?"

"நான் எங்க போட்டேன்?"

ஆத்திரத்தில் உடனே அதை நீக்கினேன். மைக்கில் பேசிப் பார்த்தேன். எழுத்து அதே நொண்டி நடைதான்.

"அவசரக்குடுக்கை! முதல்ல பழைய அளவுக்குத் திருப்பிட்டுத்தான் அதை எடுக்கணும். ப்ரோக்ராம் போனாலும் அது வெச்ச அளவு போகாது. திரும்பப் போடு."

போட்டுத் திறந்தேன். வேகம் பாதிக்கும் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். பழைய அளவுக்குத் திருப்பினேன், பிறகு நீக்கினேன், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டேன். மாதக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடந்த அதன் ஃபேன் ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது.

படுக்கையறைக் கதவு திறந்தது. டேரல் உள்ளாடையோடு வந்து நின்றான்.

"என்ன எழவு சத்தம் இது? அதைத்தான் அடக்கி வெச்சிருந்தேனே!"

ஒளிக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. ப்ரோன்வினிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

"டேரல், இதனாலதான் என் வேலையே போச்சு."

"ஃபேன் சத்தத்துல தூங்க முடியல. வேகம் குறைஞ்சா கம்ப்யூட்டர் சூடாகாது, ஃபேனும் கத்தாது. கொஞ்சம் குறைச்சு வெச்சேன். இது ஒரு குத்தமா?"

"நான் அழுதப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ திரும்ப ஏத்தியிருப்ப."

"பக்கத்து ரூம்ல நாள் பூரா நான் கத்திக்கிட்டே இருக்கேன். அந்தச் சத்தத்துல தூங்க முடிஞ்சதா உனக்கு?"

"உன் பேச்சு எனக்குக் காதுலயே விழாது. பழகிடுச்சு. அந்த ஃபேன்தான் தாங்க முடியல."

பொய் சொல்லவில்லை, பாவி. அதுதான் என்னைக் கொன்றது.

அவன் கொட்டாவி விட்டான். "சரி, முடிச்சிட்டியா? மறுபடியும் அதைக் குறைச்சு விடு. இப்பதான் உனக்கு வேலை இல்லையே. ராத்திரி நான் போகணும்."

கம்பெனி மென்பொருளை நான் இன்னும் எடுக்கவில்லை. மைக்கை வாய்க்கு அருகே இழுத்தேன். அவனைத் திரும்பிப் பார்க்காமல், செய்தி சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

"டேரல் கமா இனிமே நீ தூங்க வேற வீடு பாத்துக்கோ முற்றுப்புள்ளி."

நான் வாயை மூடுவதற்குள் அத்தனையும் திரையில் வந்துவிட்டது, புள்ளி உட்பட. என் பேச்சு காதில் விழாதவன், குனிந்து அதைப் படித்தான்.