மேலத்தெருவின் முறை

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவது எந்த மாதாகோயிலிலும் உள்ளதுதான், கண்ணுகளா. நெடுங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள இந்த ஊரில் மட்டும் அந்தப் பன்னிரண்டு பேரும் வருசத்துக்கு ஒரு தெருவிலிருந்து வர வேண்டும். மொத்தம் ஏழு தெரு. மேலத்தெருவின் முறை வந்த வருசம் பார்த்துக் கொரோனா வந்து கோயிலைப் பூட்டிவிட்டது. சிமெண்டு தின்ற பாதங்களுக்கு ஒரு மாதமாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்த அந்தத் தெருக் கொத்தனார் அடைக்கலராஜ் வீட்டோடு முடங்கினார். “கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்புடித் தேய்ச்சதில்ல,” என்று அவர் மனைவி கேலி செய்ததுதான் மிச்சம்.

மறுவருசம் கோயில் திறந்தது. அடைக்கலராஜ் போனபோது, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் பிச்சைநாதன் கீழத்தெருக்காரர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

“உங்க முறைதான் போன வருசமே முடிஞ்சிபோச்சே,” என்றார்.

“யாரு காலைக் கழுவுனீங்க?”

“கழுவலங்கிறதுக்காக அந்த வருசம் திரும்பி வருமா?”

“அப்ப ரெண்டு தெருவையும் சேத்து உக்கார வைங்க.”

“நாப்பத்தெட்டு காலு. சாமியாரு இடுப்பு தாங்குமா?”

அடைக்கலராஜ் எரிச்சலோடு வெளியேறினார். அடுத்த முறை வருவதற்குள் அவருக்கு எழுபது வயதாகிவிடும். பாதி வழியில் ஒரு யோசனை தோன்ற, விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

“ஆளுக்கு ஒரு காலு கழுவட்டும். அதே இருபத்துநாலுதான்.”

உபதேசியார் பேனாவை மூடினார்.

“நல்ல யோசனைதான். ஆனா ஊர்க்கூட்டம் போட்டுல்ல முடிவு பண்ணணும்.”

“போடுங்க.”

“எப்புடிப் போடறது? பூசைக்குத்தான் அனுமதி வந்திருக்கு. கூட்டத்துக்கு இன்னும் வரலையே.”