ஓரகத்தியின் வெள்ளைத் தாள்

1

இந்தக் கதை ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பிறந்தது. என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு துளியை, அங்கிருந்த பெண் ஒரு சின்ன வெள்ளைச் சதுரத்தின் மேல் விட்டார். துளி திரண்டு நிற்கவில்லை. யாரும் சொல்லாமலே நாலாபக்கமும் ஒரே சீராகப் பரவியது. அப்போது நான் ஒரு நாவலின் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். என் பத்திகள் எல்லாம் ஒரே இடத்தில் தேங்கி நின்றன. அந்தச் சதுரத்தைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு துண்டுத் தாளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன். (இருக்காது. அச்சாகி வந்த அடுத்தவர் தாளைப் பார்த்து எரிவது எங்களுக்குள் தினமும் நடப்பதுதான்.)

2

முதல் தொடக்கம்: "வெண்மையின் ரகசியம் அதன் துளைகளில்..." வேண்டாம். பாடப்புத்தக வாடை.

இரண்டாவது: "பொறாமை என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது." பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: மூத்தவள்தான் இளையவளைக் கையோடு கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டாள்.

இது நிற்கும். இருவரும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்போது ஒரே பூச்சு அறை. அந்தச் சதுரங்களுக்கான தாளைத் தயாரிப்பது அவர்கள் வேலை. மருந்து பூசிய பிலிமின் மேல், வெள்ளைப் பொடியைப் பசையோடு குழைத்து மெல்லிசாகப் பூசி, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு காயவைக்க வேண்டும். அந்த வெள்ளை, மேலே விழும் துளியைப் பரப்ப வேண்டும். கீழேயிருந்து மெஷின் அடிக்கும் வெளிச்சத்தை, மருந்தில் ஏறிய நிறத்தோடு திருப்பியும் அனுப்ப வேண்டும். பசை கூடினால் துளை அடைபட்டுத் துளி நின்றுவிடும். குறைந்தால்... கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

3

புது ரகத் தாளுக்கு ஆளுக்கொரு மாதிரி பூசினார்கள். மேற்பார்வையாளர் இரண்டிலும் துளி விட்டார். மூத்தவளுடையதில் விளிம்பில் நிறம் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. இளையவளுடையது நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே நிறம்.

"இனிமே இவங்க கலவைதான். நாளைக்கு முழு ரோலும் ஓட்டிடலாம்," என்றார் இளையவளைக் காட்டி. "நல்லபடியா வந்துட்டா இவங்க வேலையையும் நிரந்தரமாக்கிடலாம்மா."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள் மூத்தவள். உள்ளே பற்றி எரிந்தது.

"எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான் சார்," என்றாள் இளையவள். அந்தப் பணிவுதான் மூத்தவளுக்கு எண்ணெய் ஊற்றியது.*

* இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை. நான் மூத்தவள் கட்சி. அவளுக்கு நல்ல வசனமாகத் தேடித் தேடி வைக்கிறேன். இளையவள் போகிற போக்கில் வாயைத் திறந்து காட்சியைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

4

கலவைப் பாத்திரங்களைக் கழுவும்போது மூத்தவள் கேட்டாள். "பசை எவ்வளவு போட்ட?"

"நீங்க போடறதுல பாதிதான்க்கா. சும்மா போட்டுப் பாத்தேன்."

மூத்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. பசை குறைந்தால் துளி அழகாகப் பரவும். ஆனால் தாளைச் சதுரமாக வெட்டும்போது பொடி உதிரலாம். உதிர்ந்த இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பாது, யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு தப்பாக வரும். முழு ரோலும் குப்பைக்குப் போகும், கூடவே இளையவளின் வேலையும்.

சொன்னால், பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். பொறாமையும் உண்மைதானே. சொல்லாவிட்டால், நாளைக்கே தன் பழைய இடம் தனக்குத் திரும்பக் கிடைக்கும்.

[முதல் வரைவில் இந்தக் குறை கிடையாது. இளையவளின் தாள் சும்மா நன்றாகவே இருந்தது. மூத்தவள் தோற்பதைப் பொறுக்காமல் குறையை நான்தான் நுழைத்தேன். அதனால் பொடி நிஜமாகவே உதிருமா, அல்லது அது எங்கள் இருவரின் ஆசையா என்று எனக்கே இப்போது குழப்பம்.]

5

முடிவு ஒன்று: அவள் மேற்பார்வையாளரிடம் சொல்கிறாள். அவர் லேசாகச் சிரித்து, "வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா," என்று... இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள். ரோல் ஓடுகிறது, பொடி கொட்டுகிறது. மாலையில் இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அந்தச் சமையலறைக்குள் நுழைய எனக்குத் தைரியம் இல்லை.

மிச்சமிருப்பது இது. மூத்தவள் இளையவளின் மாதிரித் தாளில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, வெள்ளைப் பொடி விழுந்தால் பளிச்சென்று தெரியும் கறுப்பு மேசைக்குப் போனாள். பின்னாலேயே இளையவள் வந்தாள்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"மடக்கினா தாங்குதான்னு. பொடி கொட்டுச்சுன்னா நாளைக்கு ஓட்டக்கூடாது."

இளையவளின் முகம் வெளுத்தது. "நீங்களே மடக்குங்கக்கா."

மூத்தவள் மடக்கினாள். மடக்கும் அந்த நொடியில் 'கொட்டட்டும்' என்று மனதார வேண்டிக்கொண்டாள். இதை மட்டும் நான் மறைக்கப்போவதில்லை. இளையவளுக்கு மேசையைப் பார்க்கப் பயம். அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொடி உதிர்ந்ததா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் சரி, இளையவள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.